படம் பிடிக்க வண்டியை நிறுத்தும் இடங்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலையின் பழைய கணக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். யார் போனாலும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். முட்டுக்காடு பாலம், மாமல்லபுரம் கடற்கரைக் கோவில், ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம், புதுச்சேரிக் கடற்கரையின் கருங்கற்கள், தரங்கம்பாடி, பாம்பன் பாலம், கடைசியில் தனுஷ்கோடி. காமிராவோ செல்போனோ வெளியே வரும். ஐந்து நிமிடம், பத்துப் படம், மறுபடி வண்டி கிளம்பிவிடும்.

இந்த இடங்களின் வரலாற்றை ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தால் ஒரு விஷயம் உறைக்கிறது. இவை எல்லாமே அழகாக இருப்பதற்கு ஒரே மாதிரியான காரணம்தான். அங்கே ஏதோ ஒன்று செத்துப் போயிருக்கிறது. ஒரு துறைமுகம், ஒரு கோட்டை, ஒரு ரயில் பாதை, ஒரு ஊர். கூட்டமும் சரக்கும் இருந்தவரை அந்த இடம் யாருக்கும் "காட்சி"யாகத் தெரிந்திருக்காது. எல்லாம் போன பிறகுதான் வானமும் மணலும் இடிந்த சுவரும் மிச்சம்... நாமும் படம் எடுக்க வருகிறோம்!

(மாரமங்கலத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்பில் கேட்பார்கள் என்று தெரியும். மலையில் இருப்பவனுக்குத்தான் கடல் மேல் ஆசை அதிகம் நண்பர்களே :-) மலையின் கதையும் நடுவில் வரும், பொறுங்கள்.)

முதலில் சாலை. இது பழைய சாலை அல்ல. முன்பெல்லாம் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக இன்று ஓ.எம்.ஆர். என்கிறோமே, அந்தப் பழைய மாமல்லபுரம் சாலைதான். கடலோரத்தில் மீனவக் குப்பங்களை இணைத்த சின்னச் சின்ன ஊர்ச் சாலைகள் இருந்தன. அவற்றை ஒன்றாகக் கோத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன் அகலப்படுத்தி 1998இல் திறந்தார்கள். சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தது 2002இல். அதாவது நாம் "காலங்காலமாக" என்று நினைக்கிற ஈ.சி.ஆர். பயணத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் இந்தக் கரையைப் பார்க்க வந்தவர்கள் கடல் வழியாகவோ, பல்லக்கிலோ, கால்வாய்ப் படகிலோ வந்தார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தவர்கள். மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் "ஏழு பகோடா" என்று அழைத்தார்கள். கப்பலிலிருந்து கரையை அடையாளம் கண்டுபிடிக்க உதவிய குறி அது. வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை 1788இல் "ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்" முதல் தொகுதியில் வந்தது. கடலுக்குள் கோவில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்று உள்ளூர் மக்கள் சொன்ன கதை அதன் வழியாகத்தான் உலகம் பூராவும் பரவியது. அதன் பிறகு ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டுக்கு வந்தார்கள். கையில் "காமிரா அப்ஸ்க்யூரா" என்கிற இருட்டுப் பெட்டி. வெளியே இருக்கும் காட்சி லென்ஸ் வழியாகத் தாளில் விழும், அதன் மேல் பென்சிலால் கோடு போட வேண்டியதுதான். புகைப்படம் கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே காமிரா நம்ம கடற்கரைக்கு வந்துவிட்டது பாருங்கள்! அவர்கள் இங்கிலாந்து திரும்பி 1795 முதல் 1808 வரை "ஓரியண்டல் சீனரி" என்று 144 படங்களை வெளியிட்டார்கள். அதில் மாமல்லபுரமும் உண்டு.

டேனியல்கள் வெறும் கட்டடத்தை வரையவில்லை. முன்னால் ஒரு மரம், ஓரத்தில் இரண்டு மூன்று சிறிய மனிதர்கள், பின்னால் பெரிய பாழடைந்த கோவில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் "கண்ணுக்கு இனிய காட்சி" என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கணமே இருந்தது. இடிபாடு அவசியம். மனிதர்கள் இருக்கலாம், ஆனால் அளவு காட்ட மட்டும். இன்றைக்குக் கட்டுமரத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிறவரைத் தூரத்திலிருந்து "சில்-அவுட்" ஆக எடுக்கிறோமே, இருட்டு உருவமாக... அந்தப் பழக்கத்தின் பாட்டன் அங்கே இருக்கிறார்.

எங்கள் சேர்வராயன் மலையிலும் இதே கதைதான். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று ஒரு சுற்று சுற்றுவார்கள். எல்லாம் வெள்ளைக்காரர் காலத்துப் பெயர்கள். எந்த விளிம்பில் யார் உட்கார்ந்து சேலத்துச் சமவெளியைப் பார்த்தார்களோ அவர்கள் பெயர்தான் அந்த இடத்துக்கு. மலைவாழ் மக்களோ மலைக்குச் சாமியின் பெயரை வைத்தார்கள். சேர்வராயன் கோவில் இருப்பது உச்சியில். அங்கிருந்து தெரிகிற காட்சி அருமையானதுதான், ஆனால் மே மாதத் திருவிழாவுக்கு ஏறி வருகிறவர்கள் சாமி கும்பிட வருகிறார்கள். பகோடா பாயிண்டில் கோபுரம் மாதிரி அடுக்கிய கற்கள் இருப்பதால் அந்தப் பெயர். ஏழு பகோடாவின் அதே சொல். (அந்தச் சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்க நாணயத்துக்கும் பெயர். நம்ம வராகன்தான் அது. டீக்கடைப் பகோடாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

டேனியல்களுக்கு அடுத்த தலைமுறையில் நிஜக் காமிரா வந்தது. 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார், 1856இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி வந்தது. அதே ஆண்டில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரில் கிளம்பி 1858 ஏப்ரல் வரை மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகப் போனார். மெழுகு பூசிய தாள்தான் நெகட்டிவ், அளவு ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை எல்லாம் எடுத்தார். அப்போது நம்ம சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டைக்கும் தனி ஆல்பம் உண்டு! தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அவர் எடுத்தது அழகுக்காக மட்டும் இல்லை. அழிவதற்கு முன் பதிந்து வைக்க வேண்டும் என்பதுதான் அரசு அவருக்குக் கொடுத்த வேலை. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே மூடிவிட்டார். ட்ரைப் இன்னும் ஒரு பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் கடற்கரையும் நமக்குக் கிடைத்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு.

சரி, சாலைக்கு வருவோம்.

முட்டுக்காட்டில் நிற்கும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் விரிந்து கிடக்கிற நீர்ப்பரப்பு. படகுத் துறை, காயல், மாலை வெயில்... ஈ.சி.ஆரில் அதிகமாகப் படம் பிடிக்கப்படுகிற இடங்களில் இது ஒன்று. அந்த நீரோடு சேர்ந்து தெற்கும் வடக்கும் நூல் பிடித்த மாதிரி போகிற கால்வாய்தான் பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே காக்ரேன் கால்வாய் என்று ஆரம்பித்து, படிப்படியாக ஆந்திரக் கரை முதல் மரக்காணம் வரை 400 கி.மீ.க்கும் மேல் நீண்டது. மாமல்லபுரத்துக்கு வந்த பழைய பயணிகள் ராத்திரி முழுக்க இந்தக் கால்வாய்ப் படகில் தூங்கி, விடியும்போது இறங்குவார்களாம்.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் விழுங்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். பல லட்சம் பேர் செத்தார்கள். கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் சேலமும் ஒன்று. சோறு வேண்டும் என்றால் நிவாரண வேலை செய்ய வேண்டும் என்றது அரசாங்கம். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்! மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதில் உடல் தாங்காது என்று வாதாடினார். பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். அப்படி நிவாரணக் கூலிகள் வெட்டியதுதான் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் சேர்த்த சுமார் 8 கி.மீ. இணைப்பு. அந்த இணைப்பு வந்ததும் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பெயர் அவருக்குப் போயிற்று. வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கேயும் இல்லை.

அவர்களுடைய படங்கள் மட்டும் இருக்கின்றன. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்ச காலத்தில் சென்னை மாகாணத்தில் எடுத்த படங்கள். எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து, நிற்க வைத்து, ஸ்டுடியோவில் குரூப் போட்டோ எடுப்பதுபோல் எடுத்திருக்கிறார். ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. கால்வாய்த் தண்ணீரில் சூரியன் மறைவதை எடுக்கிற யாரும் இந்தப் படங்களையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றியவை.

முட்டுக்காடு தாண்டிக் கோவளம். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டு கம்பெனி வந்து போன துறை இது. பிறகு ஆற்காட்டு நவாப் கோட்டை கட்டினார், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752இல் கிளைவ் பிடித்துத் தகர்த்துவிட்டார். கோட்டை இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல். அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நடந்து போகிற தூரத்தில் இன்னொன்று இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் அங்கே போவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துப் போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோவிலைப் பற்றிய குறிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம், அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோவில். கல்லில் செய்த வேலும் கிடைத்தது. சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். பழங்காலத்திலேயே கடல் பொங்கி வந்து மூடியிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. கடல் மூடியதைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது!

கடற்கரைக் கோவிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது ராஜசிம்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் பழைய ஓவியங்களில் அலை கோவில் காலடியிலேயே அடிப்பதைப் பார்க்கலாம், இன்றைய படங்களில் அப்படி இல்லை. நடுவில் பாறைகளைக் கொட்டித் தடுப்பு போட்டார்கள், சவுக்கு நட்டார்கள். மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிற நந்திகள் உப்புக் காற்றில் முகம் கரைந்து போயிருப்பது கிட்டே போனால்தான் தெரியும். தடுப்பு போடாமல் விட்டிருந்தால் இன்னும் "இயற்கையான" படம் கிடைத்திருக்கும், கோவில்தான் இருந்திருக்காது.

அங்கே குன்றின் மேல் உள்ள ஒலக்கனேஸ்வரர் கோவில் 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. பிறகு பக்கத்திலேயே தனிக் கோபுரம் கட்டினார்கள். பாதுகாப்புக் காரணமாக அந்தக் கோபுரத்தைப் பத்து வருடம் போல மூடி வைத்திருந்து 2011இல்தான் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். தெற்கே அடுத்த ஊரான கல்பாக்கத்தில் 1983-84 முதல் அணுமின் நிலையம். அங்கே காமிராவுக்கு வேலையே இல்லை. இந்தச் சாலையில் படம் எடுக்கக் கூடாத கரை என்றால் அதுதான். அணுமின் நிலையத்துக்கு ஒட்டினாற்போல் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்களின் சத்ராஸ். மஸ்லின் துணிக்காக வந்தவர்கள் விட்டுப் போன கோட்டையும், செதுக்கிய கல்லறைப் பலகைகளும் இருக்கின்றன. 1782 பிப்ரவரி 17இல் இந்தக் கடலில்தான் பிரெஞ்சு சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் மோதினார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் சேர்ந்ததால் நம்ம செங்கல்பட்டுக் கடலில் பீரங்கி வெடித்தது என்றால் நம்புவீர்களா?

ஆலம்பரைக் கோட்டை கடப்பாக்கம் பக்கம். நவாப் காலத்துத் துறைமுகம், 1750இல் டூப்ளேக்குப் பரிசாகப் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். சுனாமியில் இன்னும் கொஞ்சம் போயிற்று. கழிமுகம், மணல்திட்டு, செங்கல் சுவர் என்று படத்துக்குப் பிரமாதமான இடம். காதலர் பெயர்கள் சுவர் முழுக்க.

மரக்காணம் உப்பளங்கள் மட்டும் இந்தப் பட்டியலில் உயிரோடு இருக்கிற இடம். வெள்ளைக் குவியல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிற வெளிச்சம். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

புதுச்சேரியில் எல்லோரும் கடற்கரைச் சாலையில் குவித்து வைத்திருக்கும் கருங்கற்கள் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கற்கள் எதற்கு என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. பழைய தபால் அட்டைப் படங்களைப் பார்த்தால் அங்கே கற்கள் இல்லை, மணல்தான் இருக்கிறது! 1866இல் கட்டிய இரும்புப் பாலம் மணலிலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கும். 1952 புயலில் அது போயிற்று, சில தூண்கள் மட்டும் மிச்சம். சரி, மணல் எங்கே போனது?

இதற்கு நம் கடற்கரையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். வருட முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஒரு கல்சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை பட்டினி கிடந்து கரையும். சென்னையில் 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. மெரினாவின் அழகுக்கு ராயபுரம் கொடுத்த விலை என்றுகூடச் சொல்லலாம். நூறு வருடம் கழித்து, 1980களின் கடைசியில், புதுச்சேரிக்குத் தெற்கே துறைமுகச் சுவர்களைக் கட்டினார்கள். அதே கதை! வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது, கற்களைக் கொட்டினார்கள். கற்கள் முடிகிற இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு ஆரம்பித்தது, அங்கேயும் கற்கள். இப்படியே வடக்கே நகர்ந்து மீனவர் வீடுகள் வரை போயிற்று. 2018 வாக்கில் கடலுக்குள் செயற்கைத் தடுப்பு அமைத்த பிறகு நகரக் கடற்கரையில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு பழைய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அதில் எத்தனை பாட்டுக் காட்சி!

இதனால்தான் வீட்டு ஆல்பத்தில் இருக்கிற பழைய கடற்கரைப் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 1985இல் உங்கள் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் பாண்டிச்சேரியில் நின்று எடுத்த படத்தில், அவர்களுக்குப் பின்னால் எவ்வளவு மணல் தெரிகிறது என்பதுதான் இன்று ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய விஷயம். கரை எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி அது. ட்ரைப்பின் வேலையை மூடிய அரசாங்கத்துக்குப் பதிலாக நம் குடும்பங்கள் தெரியாமலே அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

தரங்கம்பாடிக்கு வந்தால் மனசு கனத்துவிடும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்குக்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள். ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய கரையும் இதுதான். தமிழ் எழுத்தில் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான், 1714-15இல். இவ்வளவு பெரிய ஊர் எப்படித் தூங்கிப் போயிற்று? 1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. அடுத்து 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கெல்லாம் ரயில் இருக்கிற துறைக்குப் போய்விட்டது. தரங்கம்பாடி அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தெருக்கள் இன்று படத்தில் அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் இந்த வியாபார நஷ்டம்தான்.

அதே கரையில் மாசிலாமணி நாதர் கோவில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பாதிக் கோவில் அலைக்கு நடுவே சாய்ந்து நின்ற படங்கள் ரொம்பப் பிரபலம். சில ஆண்டுகளுக்கு முன் கோவிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்தார்கள். படம் எடுக்கிறவர்கள் பலர் "பழைய அழகு போச்சே" என்று வருத்தப்பட்டார்கள். ஊர்க்காரர்களுக்கோ சாமி இருக்க ஓர் இடம் வேண்டும். இதில் நான் ஊர்க்காரர்கள் பக்கம்தான்.

பூம்புகாரில் கடல் கொண்டது போக மிச்சம் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2004 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கரை நிறைய யாத்திரிகர்கள். அந்தக் கரைகளில் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை, எடுக்கிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சமும் அதே சுனாமியில் போயிற்று. அதற்கு முன் யாரோ எடுத்து வைத்த படங்களில்தான் இனி அதைப் பார்க்க முடியும்.

மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம், உயரம் சுமார் 75 அடி. எதற்கு? ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட! ஆட்சி அதிகாரத்தின் பெரும்பகுதியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்ட ஒரு மன்னர், கம்பெனிக்காரர்களின் எதிரி தோற்றதற்காகச் சோழமண்டலக் கரையில் கோபுரம் கட்டுகிறார். வரலாற்றில் இதைவிடச் சோகமான நகைச்சுவை எனக்குத் தெரிந்து இல்லை. கட்டடம் என்னவோ அழகுதான்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்றாலும் நிறுத்தாதவர் குறைவு. இந்தச் சாலைப் பாலம் 1988இல் வந்தது. பக்கத்தில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய தூக்குப் பாலம் திறந்தார்கள். 1914இல் அந்த ரயில் எதற்காக வந்தது என்பது முக்கியம். சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. போட் மெயில் என்ற பெயரே அதனால்தான். தேயிலைத் தோட்டக் கூலிகள், வியாபாரிகள், சாமியார்கள், மாணவர்கள் எல்லோரும் அந்த வழியே போனார்கள். தனுஷ்கோடி அப்போது எல்லையூர். சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், கடைத்தெரு எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தைச் சில வாரங்களில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிக்குத் தண்டவாளத்தை மறுபடி போடவே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் போக முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கார் கூட்டம்.

இன்றைக்கு அங்கே அதிகமாகப் படம் பிடிக்கப்படுவது கூரையில்லாத தேவாலயம். சுவர்களில் இருப்பவை பவளப் பாறைக் கற்கள், கிட்டே போய்ப் பார்த்தால் துளைத் துளையாக இருக்கும். படத்துக்கு யாராவது ஒருவர் ஜன்னல் வளைவில் ஏறி நிற்பார். சுற்றிலும் கிளிஞ்சல் மாலையும் பொரித்த மீனும் விற்கிறவர்கள், புயலுக்குப் பிறகும் அந்த மணலை விட்டுப் போகாத மீனவக் குடும்பங்கள். ஓலைக் குடிசைகளில்தான் வீடு. மணலில் கையால் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீர்தான் குடிக்க. அந்தப் படங்களில் இவர்கள் பெரும்பாலும் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறார்கள், வாடிக்கையாளர் படம் எடுத்து முடிக்கக் காத்துக்கொண்டு. அவர்களிடம் ஒரு மாலை வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ரயில் நிலையம் எங்கே இருந்தது, தபால் ஆபீஸ் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் கடல் ஏறி வந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள்.